எலும்பில்லாத எழுத்து

பிரான்சில் இரண்டு பேர் கையெழுத்து வைத்தால் ஒரு சங்கம் பிறந்துவிடும். சட்டம் அப்படி. பாரிசின் லா சப்பலில் வந்திறங்கிய தமிழர்கள் அந்நாட்டின் வேறெந்தச் சட்டத்தையும்விட இதை விரைவாக விளங்கிக்கொண்டார்கள். வதிவிட அனுமதி கிடைக்காதவர்கூட ஏதாவதொரு சங்கத்துக்கு உபதலைவராக இருந்தார். அப்படிப் பிறந்தவற்றுள் மூத்தது, பிரான்சு வாழ் தமிழர் மொழி மாண்புப் பேரவை.

அந்நிய மண்ணில் தமிழின் மாண்பு குறையாமல் பார்த்துக்கொள்வது பேரவையின் நோக்கம். அதற்காக அதன் கையில் மாதா கோவில் மண்டபத்தின் திறப்பு, அதாவது சாவி, இருந்தது. மளிகைக் கடை வாசலில் மாட்டிய அறிவித்தல் பலகை இருந்தது. ஒரு போட்டோப் பிரதி இயந்திரமும் இருந்தது. இவை இல்லாமல் லா சப்பலில் யாரும் ஊரறியக் கலியாணம் செய்யவோ, பெரியபிள்ளையாகவோ, செத்துப்போகவோ முடியாது.

குலசேகரம் கார் து நோர் நிலையத்துக்கு எதிரே ஒரு றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். 1987ஆம் ஆண்டு வசந்தம் வரை அவருக்கும் பேரவைக்கும் எந்தச் சோலியும் இருக்கவில்லை. ஓரிடத்தில் நிற்கமுடியாத மனிதர். மெற்றோ வரும்வரை மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடப்பார். வந்த பிறகு பெட்டிக்குள் நடப்பார். அவரோடு அதே தொட்டியில் கை நனைத்தவர் இராஜதுரை. நாற்பதைத் தாண்டிய பிரமச்சாரி. ஸ்தேன் புறநகரில் ஓர் அறையில் வேறு ஆண்களோடு குடியிருந்தார். தங்கை இந்திராதேவியை ஊரிலிருந்து கூப்பிட்டு, சார்செலில் கட்டிக்கொடுத்து, அதன்பின் தனக்கென்று யோசிக்க மறந்துபோனவர். எதைக் கேட்டாலும் "ஓம்" என்பார். குலசேகரம் நடப்பதும் இராஜதுரை நிற்பதுமாக அந்தக் குசினி ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வசந்தத்தில் குலசேகரத்தின் மனைவி பூரணி ஒரு பலகாரக் கடை திறந்தாள். கடை என்றால், ஒரு தையற்காரரின் கடையில் முன்பாதி. றோல்ஸ், பற்றிஸ், வடை, வெள்ளிக்கிழமைகளில் மோதகம். கடைக்குப் பெயர்ப்பலகை வேண்டுமே என்று குலசேகரம் ரேமண்டைப் பிடித்தார்.

ரேமண்ட் புதுச்சேரிக்காரர், ஓய்வுபெற்ற தபால்காரர். ஆர்ஜொந்தெயிலிருந்து சனிக்கிழமை தோறும் மனைவி ஜெர்மேனோடு கறிச்சாமான் வாங்க வருவார். பலகை எழுதுவது அவருக்குப் பிழைப்பல்ல, பைத்தியம். பையிலிருந்து அவர் ஒரு தாளை எடுத்தார். தேய்த்து ஒட்டும் பிரெஞ்சு எழுத்துகள். ஒன்றில்கூட மூலை என்று ஒரு பொருள் இல்லை. எல்லாம் புளித்துப் பொங்கிய மாவுபோல உப்பியிருந்தன.

"பாருங்க மெசியே குலா, இது உட்கார்ந்து சாப்பிடற எழுத்து," என்றார் ரேமண்ட். "பொம்மைக் கடை, ஐஸ்கிரீம், சர்க்கஸ், அங்கெல்லாம் இது நல்லா வேலை செய்யும். பாங்க்கு வாசல்ல போட்டா ஒருத்தனும் பணம் போடமாட்டான். கோர்ட்டுல போட்டா கைதி சிரிச்சிடுவான். பலகாரத்துக்கு இதைவிட்டா வேற கிடையாது."

"தமிழிலை உப்பிடி எழுத ஏலுமோ அண்ணை?"

"தமிழ்ல பாதி எழுத்து ஏற்கெனவே உருண்டைதாங்க. மீதியச் சோறு போட்டு வளக்கணும், வாலா, அவ்வளவுதான்!"

அடுத்த சனிக்கிழமை 'பூரணி பலகாரம்' மஞ்சளில் எழுந்தது. 'ப' தொட்டில்போல அகன்றது. 'ணி' தன் சுழிகளோடு முறுக்குத் தட்டாய்க் கிடந்தது. 'ல' சாப்பிட்ட பூனைபோல வாலைச் சுருட்டிக்கொண்டது. கடைசி 'ம்' தலையிலிருந்த புள்ளி பயற்றம் பணியாரமேதான். தெருவில் போனவர்கள் பலகையைப் பார்த்தார்கள், சிரித்தார்கள், உள்ளே வந்தார்கள். தமிழ் தெரியாதவர்களும் வந்தார்கள். இராஜதுரை வேலை முடிந்ததும் வந்து நின்றபடியே இரண்டு றோல்ஸ் தின்றுவிட்டுப் பலகையை அண்ணாந்து பார்ப்பார்.

"வடிவாக் கிடக்கோ?" என்று பூரணி கேட்டாள்.

"ஓம்," என்றார். பிறகு, அதிசயமாக, இன்னொரு வசனமும் சொன்னார். "பார்த்தால் பசிக்குது."

பேரவைக்குப் பசிக்கவில்லை. ஒரு நாள் செயலாளர் இம்மாகுலேற் கடைக்கு வந்தார். சின்ன உருவம், பெரிய கைப்பை. பலகையை நெடுநேரம் பார்த்தார். இரண்டு பற்றிஸ் வாங்கினார். பிறகு குலசேகரத்திடம், தலைவர் அவரை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச்சொன்னதாகச் சொன்னார்.

"என்னத்துக்கு?"

"உங்கடை எழுத்திலை முறைப்பாடு வந்திருக்கு."

"ஆர் முறைப்பட்டது?"

"தலைவர்தான்."

தலைவர் அரியரத்தினம் ஊரில் கச்சேரி என்கிற அரசாங்க அலுவலகமொன்றில் பிரதம எழுதுவினைஞராக இருந்தவர். பாரிசில் என்ன செய்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. கேட்பது பேரவையின் யாப்புக்கு முரண். மேடையில் ஏறினால் அவருடைய பேச்சில் யாழ்ப்பாணம் முற்றாக அழிந்து, கல்வெட்டுத் தமிழ் மட்டும் எஞ்சும்.

"பேரன்பு கெழுமிய அவையோரே!" என்று அன்று அவர் தொடங்கினார். "எழுத்துக்கு முள்ளந்தண்டு வேண்டும். இந்தப் பலகையில் நான் கண்டது என்ன? எலும்பில்லாத எழுத்து! நாணமின்றி வயிறு பெருத்த எழுத்து! அங்கே ஊர் எரிகிறது. இங்கே எழுத்து சிரிக்கிறது. எதிரிகூட நம் எழுத்தைப் பார்த்துச் சிரித்ததில்லை. நம் எழுத்தே சிரித்தால் எதிரிக்கு என்ன வேலை?"

அவை கைதட்டியது. எதிரிக்கு வேலை இல்லாமற் போவது நல்லதா கெட்டதா என்று யாரும் யோசிக்கவில்லை.

ஊர் எரிவது குலசேகரத்துக்குத் தெரியும். எரிந்த வீடுகளில் ஒன்று அவருடையது. எழுந்து நின்றார்; நடக்க இடமில்லாததால் நின்ற இடத்திலேயே கால் மாற்றினார்.

"ஐயா, எழுத்து சிரிக்கேல்லை. கொஞ்சம் கொழுத்திருக்கு, அவ்வளவுதான். வடை விக்கிற கடை ஐயா. அழுதுகொண்டு வடை வித்தால் ஆர் வாங்குவினம்?"

"பார்த்தீர்களா!" என்றார் தலைவர். "வினாவுக்கு விடை வடை!"

இந்தச் சிலேடை பேரவைக் குறிப்பேட்டில் பதியப்பட்டது. எழுத்து சிரிக்கிறதா இல்லையா என்பதை விருப்பு வெறுப்பின்றி அறிய, ஐவர் கொண்ட புன்னகைக் கணிப்பு உபகுழு அமைக்கப்பட்டது.

உபகுழு எதிர்ப்பக்க நடைபாதையில் காலையிலிருந்து நின்றது. பலகையைப் பார்த்துச் சிரிப்பவர்களை எண்ணியது. மழை தூறியபோது கடைக்குள் ஒதுங்கி எண்ணியது. பசித்தபோது வடை தின்றபடி எண்ணியது. பின்னேரம் பூரணி தேத்தண்ணீரும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை இம்மாகுலேற் முடிவை அவையில் வாசித்தார்: "சிரித்தோர் பலர். சிரிப்பின் காரணம் அறிய முடியாதோர் சிலர். உபகுழுவின் ஐவருள் இருவரும் சிரித்தனர். அன்னார் உபகுழுவிலிருந்து நீக்கப்பட்டுள்ளனர்."

தீர்ப்பு இரக்கமுள்ளதாக இருந்தது. பலகையைக் கழற்ற வேண்டாம். ஒவ்வோர் எழுத்தின் உள்ளேயும் ஒரு முள்ளந்தண்டு, அதாவது கறுப்பு நேர்கோடு, வரைந்தால் போதும். வரையாவிட்டால், பேரவை மண்டபத்தில் நடக்கும் எந்தக் கொண்டாட்டத்துக்கும் பூரணியிடம் பலகாரம் எடுக்கக்கூடாது.

வீட்டில் குலசேகரம் கதவுக்கும் சன்னலுக்கும் இடையே நடந்தார்.

"இஞ்சாருங்கோ, இருந்து கதையுங்கோ. எனக்குத் தலை சுத்துது," என்றாள் பூரணி. "வாற மாசம் மூண்டு சாமத்தியச் சடங்குக்குச் சொல்லியிருக்கினம். கோட்டைப் போட்டுவிடுங்கோ. உங்களுக்கென்ன, எலும்போடை ஒரு எழுத்து இருந்திட்டுப் போகட்டும்."

ரேமண்ட் தூரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு பலகையின் முன் நின்றார். "நான் ஆர்மியில இருந்த அண்ணனுக்குக் கல்லறைப் பலகை எழுதினவன். அப்பகூட இவ்வளவு கஷ்டமா இருக்கலைங்க," என்றார். எழுதினார்.

கொழுத்த மஞ்சள் உடலுக்குள் கறுப்பு முள் ஏறியதும், எழுத்துகள் ஒரே நாளில் மீன்களாகிவிட்டன. அடுத்த நாள் காலை ஒரு பிரெஞ்சுக் கிழவி உள்ளே வந்து, இன்று என்ன மீன் புதிது என்று கேட்டாள். இல்லை என்றதும் கோபித்தாள். மத்தியானத்துக்குள் இன்னும் சிலர் வந்தார்கள். பூரணி இரண்டு நாள் பொறுத்தாள். மூன்றாம் நாள் மீன் கட்லற் பொரிக்கத் தொடங்கினாள்.

இந்த நிலையில்தான் மரி-லூயிஸ் என்ற பெண்மணி வந்தார். அந்தப் பகுதித் தெருத் திருவிழாவை நடத்தும் குழுவைச் சேர்ந்தவர். திருவிழாவில் தமிழரும் ஒரு பந்தல் போடவேண்டும் என்று கேட்க வந்திருந்தார். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் மீன் வரைந்த கடைக்குள் நுழைந்தார். குலசேகரம் தன் பிரெஞ்சை நம்பாமல் தலைவரை அழைப்பித்தார். தலைவர் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்தார்.

சுவரில் ரேமண்ட் முதலில் வரைந்த மாதிரித் தாள் ஒட்டியிருந்தது, எலும்பில்லாமல். மரி-லூயிஸ் அதைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். "எவ்வளவு சிநேகமான எழுத்து!" என்று பிரெஞ்சில் சொன்னார். "வெளியே உங்கள் அறிவித்தல் பலகையை இரண்டு வருடமாகப் பார்க்கிறேன், மெசியே. அதெல்லாம் பொலிஸ் கட்டளை என்றுதான் நினைத்திருந்தேன். உங்கள் எழுத்து என்னைத் திட்டாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பந்தலில் இதையே எழுதுவீர்களா? திறப்பு விழாவில் நீங்கள் பேசவும் வேண்டும்."

பேசவேண்டும் என்ற சொல் மட்டும் தலைவருக்கு முழுதாக விளங்கியது. ஒரு கணம் கழுத்துப்பட்டியைத் தடவினார். பிறகு பிரெஞ்சில், "இது எங்கள் பேரவையின் எழுத்து, மதாம்," என்றார்.

அந்த ஞாயிறு அவை நிரம்பியிருந்தது.

"பேரன்பு கெழுமியோரே! ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் கல்லில் வெட்டிய எழுத்தின் பெயர் என்ன? வட்டெழுத்து! வட்டம்! உருண்டை! மூலையும் முனையும் இடையில் நம்மீது திணிக்கப்பட்ட அடிமைச் சின்னங்கள். தொலைந்துபோன அந்த வட்டெழுத்தை இப்பேரவை லா சப்பலில் மீட்டெடுத்திருக்கிறது. எலும்பு எதற்கு? எலும்பு இறந்த பின் எஞ்சுவது. வாழும் மொழிக்குச் சதை வேண்டும்!"

போன மாதம் முள்ளந்தண்டுக்குக் கைதட்டிய அதே கைகள் சதைக்கும் தட்டின. குலசேகரம் பக்கத்திலிருந்தவரின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் தனக்கு மட்டும்தான் என்று அவருக்கு வெட்கமாகப் போயிற்று.

எலும்புகள் மஞ்சளால் மூடப்பட்டன. இனிப் பேரவை வெளியிடும் எல்லாம் பேரவை வட்டெழுத்தில் மட்டுமே இருக்கும் என்று தீர்மானம் நிறைவேறியது. வட்டம் தெரியவேண்டுமே, ஆகவே ஓர் எழுத்து ஒரு விரல் நீளத்துக்குக் குறையக்கூடாது. குலசேகரம் வட்டெழுத்துக் காப்பாளராக நியமிக்கப்பட்டார். எந்த எழுத்திலாவது மூலை தலைகாட்டுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பது காப்பாளரின் கடமை. செவ்வாய், வியாழன், ஞாயிறு கூட்டம். இடையில் றெஸ்ரோறண்டிலிருந்து ஓடி வந்து தடவிவிட்டு ஓடவேண்டும். அந்த நேரங்களில் இராஜதுரை இரண்டு பேரின் கோப்பைகளையும் கழுவினார்.

"கோவிக்காதை மச்சான்," என்று குலசேகரம் சொல்வார்.

"ஓம்," என்பார் இராஜதுரை, நெஞ்சைத் தடவிக்கொண்டு.

விரல் நீள எழுத்தில் ஒரு தாளுக்கு இரண்டு சொல் அடங்குவதே பெரும்பாடு. மண்டபத்தில் புகைக்கக்கூடாது என்ற அறிவித்தலுக்கு நான்கு தாள் பிடித்தது. கடைசித் தாள் காற்றில் விழுந்துவிட, எஞ்சியதைப் படித்தவர்கள் புகைக்கத்தான் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். உபதலைவர் ஒருவரை ஒழுங்கு நடவடிக்கையாக விலக்கியபோது அந்த விலக்கல் ஓலையும் வட்டெழுத்திலேயே போயிற்று. அவர் அதைப் படிக்காமல் பார்த்தே விருந்தழைப்பு என்று நினைத்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு பெட்டி முந்திரிகைப் பழத்தோடு அரியரத்தினத்தின் வீட்டுக்கு வந்துவிட்டார். விசயம் தெரிந்த பிறகும் அவரால் முழுதாகக் கோபிக்க முடியவில்லை. "எழுத்தைப் பார்க்க, நீங்கள் சும்மா பகிடிக்கு விலக்கியிருக்கிறியள் எண்டுதான் தெரியுது," என்றார்.

ரேமண்ட் குலசேகரத்தை ஒரு மூலைக்கு இழுத்தார். "இந்த எழுத்துக்கு ஒரே ஒரு முகம்தாங்க. எல்லா வீட்டுக்கும் சிரிச்சுக்கிட்டேதான் போகும். அதைப் போய் எல்லா வேலைக்கும் அனுப்பறாங்களே!"

"எனக்கேன் சொல்லுறியள் அண்ணை? நான் தடவிப் பாக்கிறவன் மட்டும்தான்."

சொல்லிவிட்டு அவர் நடந்தார். அந்த நாட்களில் அவர் நடப்பது ஓட்டத்துக்குக் கிட்ட வந்துவிட்டது. கடையில் ஓடர்கள் குவிந்தன. பேரவை கையசைத்தால் இவ்வளவும் நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரியும். மா பிசையும் பூரணிக்கும் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை அவர் கூட்டத்திலிருந்து திரும்பியபோது றெஸ்ரோறண்டின் வாசலில் அம்புலன்ஸ் நின்றது. இராஜதுரை தொட்டியருகே சரிந்திருந்தார். கழுவிய கோப்பைகள் ஒழுங்காக அடுக்கியிருந்தன. ஆஸ்பத்திரியில் மருத்துவர் பிரெஞ்சில் நிறையச் சொன்னார். குலசேகரத்துக்குக் கடைசிச் சொல் மட்டும் விளங்கியது.

இந்திராதேவியைச் சார்செலிலிருந்து கூட்டிவந்ததும் அவர் நேரே பேரவைக்குப் போனார். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அஞ்சலி, திங்கட்கிழமை தகனம். அறிவித்தல் போடவேண்டும்.

"ஐயா, இதை மட்டும் சாதாரண எழுத்திலை போடுவம்," என்றார். "ஒரு சின்னத் தாள். கறுப்பு மையாலை. நானே எழுதுறன்."

தலைவர் எழுந்து சன்னலருகே போனார். அவையில் யாரும் இல்லை. இம்மாகுலேற் மட்டும்தான் இருந்தார். ஆனாலும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

"குலசேகரம், உமது துயரை நான் மதிக்கிறேன். ஆனால் மகிழ்ச்சிக்கு ஓர் எழுத்து, துக்கத்துக்கு ஓர் எழுத்து என்று பிரித்தால் நாளை கடனுக்கு ஓர் எழுத்துக் கேட்பார்கள். ஒரு விதி நல்லதா கெட்டதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்கத் தொடங்கினால் விதி எதற்கு? இராஜதுரை பேரவையின் உறுப்பினரா?"

"இல்லை ஐயா. அவருக்கு நேரமிருக்கேல்லை."

"அப்படியிருந்தும் அவருக்கு நாம் வட்டெழுத்தைக் கொடுக்கிறோம். இதைவிட என்ன மரியாதை வேண்டும்?"

குலசேகரம் வாயைத் திறந்தார். ஞாயிறு அஞ்சலிக்கு வேண்டிய மண்டபத்தின் திறப்பு மேசைமேல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டார். அந்த மூடல் பிற்பாடு அவரை வெகுநாள் அரித்தது.

இம்மாகுலேற் குனிந்த தலை நிமிராமல், "நான் எழுதுறன்," என்றார்.

அதன்பின் வெள்ளியும் சனியும் குலசேகரம் ஆஸ்பத்திரிக்கும் தகன அலுவலகத்துக்கும் இந்திராதேவியோடு அலைந்தார். கடையைப் பூட்டிவிட்டுப் பூரணியும் கூடப் போனாள். இருவரும் அறிவித்தல் பலகை இருந்த பக்கமே போகவில்லை.

ஞாயிறு பின்னேரம் வடைக் கூடையோடு மண்டபத்துக்குத் திரும்பியவர் தெருவிலேயே நின்றுவிட்டார். சனம். பட்டுச் சேலைகள், மல்லிகை, சட்டையில் ரிப்பன் வைத்த குழந்தைகள். கையில் கையில் பளபளக்கும் தாளில் சுற்றிய பொதிகள். ஸ்தேனிலிருந்து, ஆர்ஜொந்தெயிலிருந்து, பேரே தெரியாத இடங்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். பளிச்சென்ற நீலச் சேலை கட்டிய கோசலை அக்கா, மளிகைக் கடைக்காரரின் மனைவி, அவரைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

"கடைசியா ராஜதுரையும் கட்டிட்டான் என்ன! ஒரு சொல்லுச் சொல்லேல்லைப் பாரன் கள்ளன். பொம்பிளை எவ்விடம்?"

குலசேகரம் கூடையைக் கீழே வைத்துவிட்டு மளிகைக் கடை வாசலுக்கு ஓடினார். பலகையில் இரண்டு தாளுக்குத்தான் இடம். முதல் தாளில் 'நம் இராஜதுரை' என்று எழுத்துகள் குண்டுக் கன்னத்தோடு சிரித்தன. இரண்டாம் தாளில் 'ஞாயிறு 4, மண்டபம்'. மூன்றாவதைப் பக்கச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதற்குமேல் யாரோ ஒரு மெத்தை விற்பனை விளம்பரத்தை ஒட்டிவிட்டார்கள். ஓரத்தை உரித்துப் பார்த்தார். 'அமரரானார்'. அந்தச் சொல்லும் ஊதிய பலூன்போலத்தான் இருந்தது.

திரும்பி ஓடியபோது மண்டப வாசலில் ரேமண்ட், கோட்டும் சூட்டுமாக. பக்கத்தில் தொப்பி வைத்த ஜெர்மேன். ரேமண்டின் கையில் ஒரு பொதி.

"மெசியே குலா, பட்டு வேட்டிங்க. பையன் கல்யாணத்துக்குப் புதுச்சேரியிலேர்ந்து வரவழைச்சேன். அவன் சூட்டுல கட்டிக்கிட்டான். அப்படியே பெட்டியில இருந்துச்சு. மாப்பிள்ளைக்குச் சரியா இருக்கும்னு..."

"அண்ணை," என்றார் குலசேகரம். "ராஜதுரை செத்துப்போனான்."

ரேமண்ட் அவரைப் பார்த்தார். பலகை இருந்த திசையைப் பார்த்தார். "நான் பெத்த எழுத்துங்க," என்றார் மெதுவாக. "என்னையே ஏமாத்திடுச்சு."

உள்ளே வெள்ளைச் சேலையில் இந்திராதேவி இராஜதுரையின் படத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். வாழ்த்துச் சிரிப்போடு உள்ளே வந்தவர்கள் படத்தையும் மாலையையும் கண்டு ஒவ்வொருவராகக் கல்லாகிப்போனார்கள். பொதிகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்கள். திரும்பிப் போகவும் கூசினார்கள். மண்டபம் நிறைந்து சுவரோரமும் நிறைந்தது.

தலைவர் மேடையேறினார். கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

"பேரன்பு கெழுமியோரே! இப்படியொரு கூட்டத்தை இம்மண்டபம் கண்டதில்லை. ஒரு கோப்பை கழுவும் தொழிலாளியின் இறுதி அஞ்சலிக்கு யார் வருவார்கள்? பத்துப் பேர். வந்திருப்பது யார்? ஊரே! இவர்களை அழைத்தது எது? பேரவையின் வட்டெழுத்து! இராஜதுரை வாழ்நாளில் சேர்க்க முடியாத கூட்டத்தை..."

"ஐயா, நீங்கள் இருங்கோ," என்றாள் இந்திராதேவி.

சத்தம் போடவில்லை. ஆனால் தலைவர் கதிரையில் இருந்துவிட்டார்.

அவள் எழுந்தாள். "என்ரை அண்ணனுக்குக் கலியாணம் எண்டு நினைச்சு வந்திருக்கிறியள். ஒருத்தரும் வெக்கப்படாதையுங்கோ. அவன் செத்திட்டான் எண்டு சொல்லியிருந்தால் உங்களிலை கனபேர் வந்திருக்க மாட்டியள், எனக்குத் தெரியும். கலியாணம் எண்டதும் வந்தியள்தானே. அவனுக்கு ஒரு நல்லது நடக்குதெண்டு இவ்வளவு பேர் சந்தோசப்பட்டு வெளிக்கிட்டியள்தானே. எனக்கு அது போதும். இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோ."

கோசலை அக்காதான் முதலில் அழுதாள். நீலச் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கொண்டு சத்தமாக அழுதாள். பிறகு மண்டபம் முழுவதும் அழுதது, மல்லிகையும் பட்டுமாக. குழந்தைகள் மட்டும் ஒன்றும் விளங்காமல் கதிரைகளுக்கிடையே ஓடித் திரிந்தார்கள். அவர்களை யாரும் அடக்கவில்லை.

குலசேகரம் மேடையருகே போனார். "ஐயா, நான் காப்பாளர் வேலையிலையிருந்து விலகுறன்."

தலைவரின் குரல் தாழ்ந்தது. கல்வெட்டுத் தமிழும் கூடவே இறங்கிவிட்டது. "இப்ப ஏனப்பா உது? எண்டாலும் எழுத்திலை தரவேணும்."

"எந்த எழுத்திலை?"

அரியரத்தினத்துக்குப் பின்னால் நின்ற இம்மாகுலேற் கைப்பையைத் திறந்து, மண்டபத்தின் திறப்பை எடுத்து, தலைவரின் முன்னால் மேசையில் வைத்துவிட்டு, சாப்பாடு பரிமாற இறங்கிப்போனார்.

பூரணி வடைத் தட்டை எடுத்தாள். "நாளையிலையிருந்து பேரவை ஓடர் வராது," என்றாள் கணவனின் காதுக்குள்.

"வராது."

"வராட்டில் மீன் கட்லற் கிடக்கு. நீங்கள் அந்தப் பக்கம் குடுங்கோ."

ரேமண்ட் பொதியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் வாசலில் நின்றார். இந்திராதேவி அவரிடம் போய், அதில் என்ன என்று கேட்டாள். அவர் சொல்லக் கூசினார். ஜெர்மேன்தான் சொன்னாள். இந்திராதேவி தாளைக் கிழிக்காமல் பிரித்தாள். சரிகைக் கரை போட்ட வெள்ளைப் பட்டு. விரலால் கரையைத் தொட்டாள். திரும்பிக் குலசேகரத்தைப் பார்த்தாள்.

"அண்ணை, நாளைக்கு இதைக் கட்டிவிடுவியளே?"

திங்கட்கிழமை காலை தகனச் சாலையில் குலசேகரமும் ரேமண்டும் இராஜதுரைக்கு வேட்டியைக் கட்டிவிட்டார்கள். ரேமண்டுக்குக் கொசுவம் வைக்கத் தெரியும். குலசேகரம் இடுப்பைத் தாங்கிப் பிடித்தார். அங்கு வேலை செய்யும் வெள்ளைக்காரர், வயதானவர், சுவரோடு ஒதுங்கி நின்று பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் பக்கத்தில் வந்து, மிக அழகாக இருக்கிறது, உங்கள் நாட்டில் இறந்தவர்களுக்கு இதைத்தான் உடுத்துவீர்களா என்று மரியாதையாகக் கேட்டார்.

குலசேகரம் தன்னிடமிருந்த பிரெஞ்சுச் சொற்களைத் தேடிப் பொறுக்கினார். "இல்லை மெசியே," என்றார். "இது கலியாணத்துக்கு."

அந்த மனிதர் சற்றுக் குனிந்து, சரிகைக் கரையில் விழுந்திருந்த ஒரு மடிப்பை இரண்டு விரலால் நேராக்கினார். பிறகுதான் பெட்டியின் மூடியைக் கையில் எடுத்தார்.